தடைக்காலத்தில் பழைய போட் இன்ஜின்: மேல்வேலையா, முழுசாகப் பிரிப்பதா, மாற்றிவிடுவதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இன்ஜினை நிதானமாகத் திறந்து பார்க்க வருடத்தில் கிடைக்கும் ஒரே அவகாசம் இதுதான். 45 நாளாக இருந்த தடைக்காலம் 61 ஆனதில் வருமானம் அடிபட்டது உண்மை. ஆனால் லேத்துக்குப் போன கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) திரும்பி வருவதற்குள் கடலுக்குப் போகும் தேதி வந்துவிடுமோ என்ற பதற்றம் கொஞ்சம் குறைந்தது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய இன்ஜின் என்றால் ஏப்ரல் வந்ததும் அதே கேள்விதான். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை மட்டும் கழற்றி மேல்வேலை பார்க்கலாமா, முழுசாகப் பிரித்து பிஸ்டனையும் அது ஏறி இறங்கும் குழாயான லைனரையும் மாற்றலாமா, லாரியில் இருந்து இறக்கிய இன்ஜினை வாங்கிப் பொருத்தலாமா, கடனை உடனை வாங்கிப் புதுசே போட்டுவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராங்க் நன்றாக இருந்தால் முழுசாகப் பிரிப்பதுதான் சரி. மேல்வேலை சில இன்ஜினுக்குப் போதும். லாரி இன்ஜின் வேண்டவே வேண்டாம்.

எதைச் செய்வதென்று முடிவெடுக்க வேண்டிய நேரம் கடைசித் தங்கல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பது) முடிந்து கரைக்கு வரும்போது, இன்ஜின் இன்னும் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை லேசாக எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் பம்பும் அதைத் தெளிக்கும் நாசிலும் டீசலை அதிகமாகத் தள்ளுகின்றன, அல்லது இன்ஜின் தாங்கும் அளவைவிடப் புரொப்பெல்லர் பெரிது. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியிருந்தால் மேல்வேலையோடு முடித்துவிடலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

மேல்வேலை என்பது ஹெட்டை இறக்கி, வால்வு அரைத்து, கேஸ்கட் மாற்றி, நாசிலையும் பம்பையும் பெஞ்சில் வைத்துச் சரிபார்ப்பது. செலவு குறைவு, ஒரு வாரத்தில் முடியும். கறுப்புப் புகை மட்டும் வருகிற, ஆயில் குடிக்காத இன்ஜினுக்கு இதுவே போதும். ஆனால் ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு இதைச் செய்தால் ஹெட் மட்டும்தான் புதுசாக இருக்கும். கோளாறு கீழே அப்படியே உட்கார்ந்திருக்கும். "அண்ணே, இந்த வருசம் ஓட்டிடுவோம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சொல்லித் தள்ளிப்போடும் வேலை பாதிக்கு மேல் இந்த வகைதான். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் சிக்குவது போட்டில் இருக்கும் அத்தனை பேரும். அதனால் இந்தச் சிக்கனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முழுசாகப் பிரிப்பதில் உள்ள பெரிய லாபம், கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரிய வரும் என்பது. லைனரை உருவி வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் பளபளவென்று இருக்கும். வெளியே, தண்ணீர் படுகிற பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரே பட்டையில் ஊசியால் குத்தினதுபோலப் பொத்தல் பொத்தலாக அரித்திருக்கும். பிஸ்டன் பக்கவாட்டில் மோதும்போது லைனர் அதிர்ந்து, தண்ணீரில் சிறு குமிழிகள் உண்டாகி உடைவதால் வருவது இது. கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டினால் சீக்கிரம் வரும். ஒரு பொத்தல் உள்ளே திறந்துகொண்டால் போதும், தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும். லைனரின் கீழ் ரப்பர் வளையம் இறுகிப் போயிருந்தாலும் இதே கதைதான். ஹெட்டை மட்டும் கழற்றினவருக்கு இந்த இரண்டுமே தெரியாது.

அப்புறம் கிராங்க். மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் சுழலும் பகுதி) குறுக்கும் நெடுக்குமாக அளக்கணும், விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்பது போதாது. முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போடலாம். தேவைப்பட்டால் 0.50-க்கும் போகலாம். கம்பெனி சொல்லும் கடைசி அளவையும் தாண்டினதோ, விரிசல் விட்டதோ என்றால் அந்த இன்ஜினில் பணம் போடாதீர்கள். வட சென்னையில் நமக்கு ஒரு வசதி உண்டு. எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையே இருக்கும் ஊர் இது. லேலண்ட் இன்ஜினின் நாடி தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார், உதிரிபாகமும் கிடைக்கும். பழைய இன்ஜினைக் காப்பாற்றுவது இங்கே அவ்வளவு கஷ்டமில்லை.

லாரியில் இருந்து இறக்கிய இன்ஜின் விலையில் ஆசை காட்டும். லாரிக்கு ஏற்றம் உண்டு, இறக்கமும் உண்டு, முன்னால் காற்று அடிக்கும். போட் இன்ஜின் மடி (வலை) இழுக்கும்போது மணிக்கணக்கில் ஒரே பாரத்தில், மூடிய அறைக்குள் ஓடுகிறது. அதனால் ரேடியேட்டரை எடுத்துவிட்டுக் கடல்நீரால் குளிரவைக்கும் கூலர் போடணும், சைலன்சர் பக்கத்துக்கும் தண்ணீர் உறை வேண்டும். போட்டில் இன்ஜின் சாய்ந்து உட்காரும். லாரிக்காகச் செய்த சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். இதையெல்லாம் சரிசெய்கிற செலவில் சொந்த இன்ஜினுக்கு லைனர், பிஸ்டன் போட்டுவிடலாம்.

புது இன்ஜின், கிராங்க் போன போட்டுக்கு மட்டும். 240 குதிரைத்திறனுக்கு மேல் அனுமதி இல்லை, பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் விவரத்தை மாற்றியாகணும். கியர் பாக்ஸும் புரொப்பெல்லரும் அதற்குப் பொருந்தணும். எலக்ட்ரானிக் பம்பு உள்ளதைவிட, நம் துறைமுகத்து மெக்கானிக் கைக்கு அடங்குகிற பழைய வகைப் பம்பு உள்ளதையே நான் எடுப்பேன்.

இன்ஜினை இறக்கி ஏற்றுகிற எந்த வேலையாக இருந்தாலும் ஷாஃப்ட் நேர்ப்படுத்துவதில் கவனம் வேண்டும். மரப் போட் கரையில் ஏறி கத்தரி வெயிலில் காய்ந்தால் உருவம் லேசாக மாறும், தண்ணீரில் இறங்கினதும் மறுபடி மாறும். கரையில் வைத்து நேராக்கினது கணக்கில் வராது. இறக்கி ஒரு நாள் ஊறவிட்டு, இன்ஜினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, நாலு பக்கமும் இடைவெளி அளக்கும் கேஜ் விட்டுப் பாருங்கள். 6 அங்குலக் கப்ளிங்கில் 6 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கு), அதாவது 0.15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது.

எந்த வேலையும் இல்லாமல் சும்மா நிற்கப்போகிற இன்ஜினுக்கும் பராமரிப்பு உண்டு. பழைய ஆயிலை நிறுத்தும்போதே மாற்றுங்கள். அதிலிருக்கும் அமிலம் இரண்டு மாதமும் பேரிங்கைத் தின்னும். கடல்நீர் போகும் பாதையை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உப்பு அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் ஜிங்க் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டீசல் டேங்க்கை நிரப்பி வையுங்கள். காலியாக இருந்தால் உள்ளே ஈரம் வேர்த்து, தண்ணீர் அடியில் தங்கி, பம்பைத் துருப்பிடிக்க வைக்கும். வாரம் ஒருமுறை இன்ஜினைக் கையால் சுற்றிவிடணும்.

முழுசாகப் பிரித்த இன்ஜினை ஜூன் 14-க்கு ஒரு வாரம் முன்னாடியே ஸ்டார்ட் செய்து, துறைமுகத்துக்குள் கட்டியபடியே கியர் போட்டு, மெதுவாகப் பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஆயில் பிரஷரையும் சூட்டையும் ஒருவர் எழுதி வைக்கட்டும். 50 மணி நேரம் ஓடினதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி உள்ளே உலோகத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.