மகளிர் சுய உதவிக் குழு: சேருமுன் நோட்டைக் கேளுங்கள்

தெருவுக்கு ரெண்டு குழு இருக்கிற ஊரில் எதில் சேர்வது? பெயரை வைத்துத் தரம் பிரிக்க முடியாது. மல்லிகை, முல்லை, அன்னை, பாரதி என்று எல்லாப் பெயரும் மணக்கத்தான் செய்யும். கூட்ட நாளன்று போய் உட்கார்ந்து, நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். குழுவின் ஜாதகம் அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கியபோது இருந்த அச்சு இன்றும் பெரிதாக மாறவில்லை. ஒரே பகுதியில் குடியிருக்கும் 12 முதல் 20 பெண்கள், மாதாமாதம் சேமிப்பு, அந்தப் பணத்திலிருந்தே உள்கடன், அதற்குப் பிறகு வங்கிக் கடன். 20 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு மேல் ஆள் சேர்ந்து லாப நோக்கில் பணம் புழங்கினால் பதிவு செய்தாக வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொன்னது. அந்தக் கணக்கு அப்படியே நின்றுவிட்டது.

உள்கடன்தான் இந்தச் சேவையில் முதல் மதிப்பெண் வாங்கும் பகுதி. 15 பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் 3,000. ஆறு மாதத்தில் 18,000. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் அஞ்சு வட்டிக்காரரைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: வட்டி மிச்ச அசலுக்கா, முழு அசலுக்கா? 10,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கிப் பத்து மாதத்தில் அடைக்கிறீர்கள் என்று வையுங்கள். அசல் குறையக் குறைய வட்டி 200, 180, 160 என்று இறங்கி மொத்தம் 1,100-ல் முடியும். கடைசி வரை முழு அசலுக்கே போட்டால் 2,000. இரண்டுக்கும் ஊரில் "ரெண்டு வட்டி" என்றே பேர். வட்டி வெளியாள் பைக்குப் போகாமல் குழு நிதியில்தான் சேர்கிறது, சரி. ஆனாலும் அடிக்கடி வாங்குகிறவர் இல்லாதவர்தான். அவர் கட்டுவதில் வாங்காதவருக்கும் பங்கு போகிறது.

இனி நோட்டு. தீர்மான நோட்டு, ரொக்க நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புத்தகம். தீர்மான நோட்டில் கையெழுத்துகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் ஒருவரே பதினைந்து பேருக்கும் போட்டிருக்கிறார். உண்மையான பக்கத்தில் ஒரு கைரேகை இருக்கும், நடுக்கத்தோடு எழுத்துக் கூட்டிப் போட்ட ஒரு பெயர் இருக்கும், பாதியில் மை தீர்ந்து நிறம் மாறியிருக்கும். அடுத்து, கடன் கேட்டவர் எவ்வளவு கேட்டார், எவ்வளவு கொடுத்தார்கள்? எல்லோருக்கும் கேட்டது கேட்டபடியே கிடைத்திருந்தால் அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை என்று அர்த்தம். ரொக்க நோட்டின் கடைசி வரியில் உள்ள கையிருப்பை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். வசூல் பணம் வாரக்கணக்கில் குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் வீட்டுப் பீரோவில் கிடந்தால், அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அது தப்பான ஏற்பாடு.

இதையெல்லாம் எழுதுகிறவர் அந்த ஊக்குநர்தான். அவரும் இரண்டு பிரதிநிதிகளும் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது. வங்கிக்கு ஒரு நடை என்றால் ஒரு நாள் கூலி போச்சு. கடன் மனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது, தவணை தவறியவர் வாசலில் நின்று உறவு முறியாமல் கேட்பது எல்லாம் அவர் தலையில்தான். பஸ் காசையாவது தீர்மானம் போட்டுக் கொடுக்கிற குழுக்கள் நீடிக்கின்றன. கொடுக்காத இடத்தில் "லோன் வந்தால் தலைக்கு இவ்வளவு" என்ற வசூல் மெல்ல முளைக்கும். அதற்கு நோட்டில் வரவு இருக்காது.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பு கை மாறுவதே முறை. "எழுதத் தெரிந்தவள் அவள்தானே" என்று பத்து வருஷம் ஒருவரையே உட்கார வைப்பது அவருக்குத் தண்டனை, குழுவுக்கு ஆபத்து. அடுத்து வரவேண்டியவர் ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து ரொக்க நோட்டை எழுதிப் பழகினால் போதும். கணக்கு எழுதிப் பழகிய கைகள் அத்தோடு நிற்பதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவையும் சேமியாவும் அளந்து சமைப்பவர்கள் குழுப் பெண்கள்தான்.

ஆறு மாதம் ஒழுங்காக நடந்த பிறகு வங்கியில் கடன் கேட்கலாம். சேமிப்புக் கணக்குத் தொடங்கப் பொறுப்பாளர்களின் அடையாள ஆவணங்களே போதும். மற்றவர்களுடையதைக் கடன் கொடுக்கும்போதுதான் சரிபார்ப்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 20 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்பைப் பிடித்து வைப்பதும், "முதலில் டெபாசிட் போடுங்கள்" என்பதும் கூடாது. அப்படிக் கேட்கிற கிளையில் "எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

குழு உடைவது பெரும்பாலும் வங்கிப் பணம் வந்த பிறகுதான். தேவை பார்க்காமல் ஆளுக்குச் சமமாகப் பிரிப்பது முதல் தவறு. வேண்டாதவர் தன் பங்கை வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவார், "நான் வாங்கித் தர்றேன், நீ கட்டிடு" என்று. அந்த இன்னொருவர் நின்றுபோனால் பாக்கி நோட்டில் இருக்கும் பெயருக்குத்தான். தீபாவளிக்குச் சேமிப்பை மொத்தமாகப் பிரித்துக்கொள்வது அடுத்தது. புடவைக்கு ஆகும், ஆனால் வங்கி குழுவின் சொந்த நிதியைப் பார்த்தே கடன் அளவை முடிவு செய்வதால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம். வாரத் தவணைக்கு வீடு தேடி வருகிற தனியார் நிதி நிறுவனங்களின் கடனையும் ஊரில் "குழு லோன்" என்றுதான் சொல்கிறார்கள். அங்கே உங்கள் சேமிப்பும் இல்லை, நீங்கள் எழுதும் நோட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜாமீன் நிற்பது மட்டும் உண்டு. அதை இதோடு எடை போட வேண்டாம்.

கடைசியாக, விலகுவது. பாக்கி இல்லாதவர் விலகினால் சேமிப்பு முழுதாகத் திரும்புமா, வட்டியில் பங்கு உண்டா, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டு, தீர்மான நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால், அன்றைக்கே எழுதச் சொல்லிவிட்டு முதல் 200 ரூபாயைக் கொடுங்கள்.