டிவிடி ரெக்கார்டர்: எந்த டிஸ்க்கில் பதிந்தால் எங்கே ஓடும்?

பழைய விஎச்எஸ் கேசட்டுகளை எப்படி மாற்றுவது என்று யாராவது கேட்டால், இன்றும் நான் முதலில் சொல்வது டிவிடி வீடியோ ரெக்கார்டரைத்தான். கம்ப்யூட்டரில் கேப்சர் கார்டு போட்டுப் போராடுவதைவிட இது எவ்வளவோ எளிது. விசிஆரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைப் பின்னால் செருகி, கேசட்டை ஓடவிட்டு, ரெக் பட்டனை அழுத்தினால் வேலை நடந்துகொண்டே இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த டிஸ்க் வேறொரு வீட்டில், வேறொரு பிளேயரில் ஓடுமா என்பது தனி விஷயம். வருடக்கணக்காக இந்தக் கருவியை வைத்திருப்பதில் எனக்குப் படத் தரத்தைவிட இந்தக் கேள்விதான் பெரிதாகிவிட்டது. பதிவது நமக்காகவா, பிறருக்குக் கொடுக்கவா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என்னிடம் இருப்பது உள்ளே ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல். டிவிடி-ராம், டிவிடி-ஆர், டிவிடி-ஆர்டபிள்யூ மூன்றிலும் பதியும். ஆர் என்பது ஒரே தடவை எழுதுவது; ஆர்டபிள்யூவும் ராமும் அழித்து எழுதக்கூடியவை. இத்தனை வகை ஏன் என்றால், ஆரம்பத்திலிருந்தே தயாரிப்பாளர்கள் ஒரே வழியில் போகவில்லை. டிவிடி ஃபோரம் என்ற அமைப்பு மைனஸ் வகைகளையும் (டிவிடி-ஆர், டிவிடி-ஆர்டபிள்யூ) ராமையும் ஏற்றுக்கொண்டது. பிலிப்ஸ், சோனி, எச்பி போன்றவை சேர்ந்து பிளஸ் வகைகளை (டிவிடி+ஆர், டிவிடி+ஆர்டபிள்யூ) கொண்டுவந்தன. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ரெக்கார்டரின் முன்பக்கத்திலோ கையேட்டிலோ எந்தெந்த வகை என்று போட்டிருக்கிறதோ, அதை மட்டும் வாங்க வேண்டும்.

டிஸ்க் வகையைவிட முக்கியமானது, அதில் எந்த முறையில் பதிகிறோம் என்பது. மைனஸ் பக்கத்து ரெக்கார்டர்களில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று வீடியோ மோட். கடையில் வாங்கும் படத்தின் டிவிடி எப்படி அமைந்திருக்கிறதோ அதே அமைப்பு. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரும், உள்ளே ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் போகாத விஓபி ஃபைல்களும் இருக்கும். மற்றொன்று விஆர் மோட். இதில் எல்லாப் பதிவுகளும் ஒரே பெரிய விஆர்ஓ ஃபைலாகப் போய் உட்காரும். விஆர் மோடில் நடுவில் வெட்டலாம், விளம்பரத்தை நீக்கலாம், நீக்கிய இடத்தில் மறுபடி பதியலாம், பிளேலிஸ்ட் போட்டு வரிசையை மாற்றலாம். வேலை செய்வதற்கு இதைப் போலச் சுகமான முறை இல்லை. ஆனால் பெரும்பாலான சாதாரண பிளேயர்களுக்கு இது தெரியாது. டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும்.

டிவிடி-ராம் முழுக்க விஆர் முறைதான். ஒரு லட்சம் தடவை வரை அழித்து எழுதலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். ஆர்டபிள்யூவுக்கு அது ஆயிரம்தான். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோலச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். டிஸ்க்கின் எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் போய் எழுதுவதற்கான அடையாளங்கள் அவை. ராமில் பதிந்துகொண்டிருக்கும்போதே அதே பதிவை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம். நான் ராமை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டருக்குப் படத்தைக் கொண்டுபோக இது அருமையான வழி. ராம் படிக்கிற டிரைவ் இருந்தால் போதும். விஆர்ஓ ஃபைலைக் காப்பி செய்து விஎல்சி பிளேயரில் திறந்தால் ஓடும். அடிப்படையில் அது எம்பெக்-2 என்ற வழக்கமான வீடியோ வடிவம்தான் என்பதால், பெயரின் கடைசியை எம்பிஜி என்று மாற்றினாலே பல மென்பொருள்கள் ஏற்றுக்கொள்ளும்.

பிறருக்குக் கொடுப்பதென்றால் என் பதில் ஒன்றுதான்: டிவிடி-ஆர், வீடியோ மோட், கடைசியில் ஃபைனலைஸ் (டிஸ்க்கை மூடுவது, கீழே சொல்கிறேன்). இந்த மூன்றும் சேர்ந்தால் நான் பார்த்த பிளேயர்களில் ஏறக்குறைய எல்லாமே வாங்கிக்கொள்கின்றன. ஆர்டபிள்யூவை வீடியோ மோடில் பதிந்து ஃபைனலைஸ் செய்தாலும் சில பழைய பிளேயர்கள் மறுத்துவிடும். காரணம் ஒளி திருப்பும் அளவு. கடையில் விற்கும் ஒற்றை அடுக்கு டிவிடி லேசர் ஒளியில் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 18 முதல் 30 சதவீதம் வரைதான். இது இரட்டை அடுக்கு டிஸ்க்கின் அளவு. அதனால் பழைய பிளேயர் இதை இரட்டை அடுக்கு என்று நினைத்து, இல்லாத இரண்டாம் அடுக்கைத் தேடிக்கொண்டிருக்கும். ஒரு விஷயம் கவனித்தேன். நல்ல விலை கொடுத்து முதலில் வாங்கிய பிளேயர்கள் மறுத்த டிஸ்க்குகளை, பின்னால் வந்த யுஎஸ்பி வைத்த மலிவு விலை பிளேயர்கள் சர்வசாதாரணமாக ஓட்டின. விலையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஃபைனலைஸ் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பதிந்து முடித்ததும் படம் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் எங்கே எது இருக்கிறது என்ற விவரம் மற்ற பிளேயர்கள் படிக்கும் விதத்தில் எழுதப்பட்டிருக்காது. அதை எழுதி மூடுவதுதான் ஃபைனலைஸ். ரிமோட்டில் டிஸ்க் செட்டிங் மெனுவுக்குப் போய் அழுத்தினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆர் டிஸ்க்கில் அதற்குப் பிறகு எதையும் சேர்க்க முடியாது. அத்தை ஒருமுறை மகள் கல்யாண கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மாற்றி வாங்கி வந்தார். “ஏம்ப்பா, ஸ்டுடியோக்காரர் ஏமாத்திட்டாரா? டிஸ்க்ல ஒண்ணுமே இல்லைன்னு வருது” என்று கேட்டார். டிஸ்க்கைத் திருப்பி டியூப் லைட்டில் காட்டினேன். ஊதா நிற அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து வெளியே வரை ஒரு பட்டை வேறு நிறத்தில் இருந்தது. எழுதப்பட்ட பகுதி அப்படித்தான் தெரியும். “படம் உள்ள இருக்கு அத்தை, மூடாம கொடுத்துட்டாங்க” என்றேன். வேறு கம்பெனி ரெக்கார்டரில் பதிந்தது என்பதால் என் கருவி அதை மூடவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐசோபஸ்டர் மாதிரியான மென்பொருளால் கம்ப்யூட்டரில் படத்தை எடுத்து, புதிதாக ஒரு டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். எந்தக் கருவியில் பதிந்ததோ அதிலேயே, அன்றைக்கே ஃபைனலைஸ் செய்துவிடுவது நல்லது. கரண்ட் போகிற ஊரில் இருப்பவர்கள் அந்த நேரத்துக்காவது ரெக்கார்டரை யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

அடுத்து, பதிவு நேரம். ரெக்கார்டரில் பல தர நிலைகள் உண்டு. 4.7 ஜிபி டிஸ்க்கில் எக்ஸ்பி என்ற உயர்ந்த தரம் என்றால் ஒரு மணி நேரம், எஸ்பி இரண்டு, எல்பி நான்கு, ஈபி ஆறு அல்லது எட்டு. கணக்கு நேரடியானது: எஸ்பியில் நொடிக்கு சுமார் 5 மெகாபிட், எல்பியில் அதில் பாதி. நமது டிவி முறையான பால் (PAL) முறையில் படத்தின் முழு அளவு 720க்கு 576 புள்ளிகள். எல்பிக்குப் போனால் என் கருவி அகலத்தைப் பாதியாக்கி 352க்கு 576 என்று பதியும். விஎச்எஸ்ஸில் இருப்பதே கிடைமட்டத்தில் சுமார் 240 கோடுகள்தான் என்பதால், எல்பி போதும் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கல்யாண கேசட்டுக்கு நான் எல்பியைத் தொடுவதில்லை. ஐயர் மந்திரம் சொல்கிறவரை படம் நன்றாகவே இருக்கும். தாலி கட்டும் நொடியில் நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கும், ஃப்ளாஷ் அடிக்கும். ஃபிரேம் முழுவதும் ஒரே நேரத்தில் மாறுவதால் அந்தக் குறைந்த பிட் அளவில் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எந்த நொடிக்காக கேசட்டை மாற்றுகிறோமோ அதே நொடி கெட்டுப்போனால் என்ன பயன்? தேய்ந்த டேப்பின் புள்ளிகளும் இரைச்சலும் வேறு பிட்டைத் தின்னும். மூன்று மணி நேர ஈ-180 கேசட்டை ஒரே டிஸ்க்கில் திணிக்காமல், எஸ்பியில் இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுவேன். முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று. ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எஃப்ஆர் என்ற வசதி, டிஸ்க்கின் இடம் முழுவதையும் பயன்படுத்தும்படி தானே தரத்தைக் கூட்டிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அது.

ஹார்ட் டிஸ்க் மாடல் வாங்குபவர்கள் ஒரு செட்டிங்கை ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஹைஸ்பீட் காப்பிக்கு ஏற்றபடி பதிக்கவா என்று மெனுவில் கேட்கும். அதை ஆன் செய்துவிட்டுப் பதிந்தால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஆர் டிஸ்க்குக்குச் சில நிமிடங்களில், தரம் குறையாமல் போகும். ஆஃபில் இருந்தால் இரண்டு மணி நேரப் படம் மாற இரண்டு மணி நேரம் ஆகும், மறுபடி சுருக்குவதால் தரமும் இறங்கும். அப்புறம், அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் படிக்க முடியாது. ஃபைல் அமைப்பே வேறு. அதைச் சேமிப்புக் கிடங்காக நம்பக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கிற உறவினர்களுக்கு அனுப்பும்போது வருவது இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் ஓடவில்லை என்றதும் எல்லோரும் ரீஜன் கோட், அதாவது எந்த நாடுகளில் ஓடலாம் என்று டிஸ்க்கில் வைக்கும் பூட்டு, என்பார்கள். வீட்டில் பதிந்த டிஸ்க்கில் ரீஜன் தடை கிடையாது. தடுப்பது நம் பால் முறைக்கும் அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறைக்கும் உள்ள வேறுபாடு. நம் டிஸ்க்கில் நொடிக்கு 25 ஃபிரேம், அங்கே 29.97. அங்குள்ள பல டிவிடி பிளேயர்கள் பால் டிஸ்க்கை எடுக்காது. சிங்கப்பூரும் பால் நாடு என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவுக்கு அனுப்பும்போது, கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதிவிடுவேன்.

டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றும்போது ஆடும். நடுவில் இருக்கும் தெளிவான வளையத்தில் மார்க்கரால் எழுதினால் போதும்.

இன்றைக்கு நல்ல டிஸ்க் கிடைப்பதே அரிதாகிவிட்டது. நம் ஊரில் எங்கும் கிடைத்த மோசர் பேயர் கம்பெனி டிஸ்க் இப்போது இல்லை. தரத்துக்குப் பெயர்போன ஜப்பானியக் கம்பெனி தையோ யூடென் 2015-இல் இந்தத் தொழிலை விட்டுவிட்டது. டிஸ்க்குகளில் பதிவைத் தாங்கும் சாயம் வெயிலிலும் ஈரப்பதத்திலும் மெல்லக் கெடும். என் பழைய டிஸ்க்குகளில் மலிவாக வாங்கியவை வெளி ஓரத்தில், அதாவது படத்தின் கடைசிப் பகுதியில், முதலில் திணறுகின்றன. அதனால் இப்போது ஒவ்வொன்றாக விஓபி ஃபைல்களை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். எம்பி4 ஆக்குவதை அப்புறம் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்; முதலில் மூலம் அப்படியே வர வேண்டும். ரெக்கார்டரின் லேசர் இன்னும் நன்றாக இருக்கிறது. உங்களிடமும் ஒன்று ஓடும் நிலையில் இருந்தால், ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க்குகளைத் தேடி எடுத்து முதலில் அவற்றை மூடுங்கள். கருவி நின்றுபோனால் மிகவும் சிரமம் தரப்போவது அவைதான்.