லாரி கேமுக்கு வீட்டிலேயே கியர் லிவர்: மைக்ரோஸ்விட்சா, பொட்டன்ஷியோமீட்டரா, ஹால் சென்சாரா?

கார் பந்தய கேமுக்குச் செய்யும் கியர் லிவர் வேறு, லாரிக்குச் செய்வது வேறு. அமெரிக்கன் ட்ரக் சிமுலேட்டர் என்ற கணினி லாரி கேமில் வரும் ஈட்டன் ஃபுல்லர் 18 கியர் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். லிவர் போய் உட்காரும் இடங்கள் ஆறுதான்: ரிவர்ஸ், லோ (மிக மெதுவாக நகர்வதற்கானது), அப்புறம் நான்கு கியர். அந்த நான்கை, கீழ்த்தொகுதி மேல்தொகுதி என்று மாற்றும் ரேஞ்ச் ஸ்விட்ச் எட்டாக்குகிறது, ஒவ்வொரு கியரையும் இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பதினாறாக்குகிறது. லோவும் ஸ்ப்ளிட்டரால் இரண்டாகிறது, ஆக மொத்தம் 18. யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2-இல் பலர் விரும்பும் 12 கியர் ரேஞ்ச்-ஸ்ப்ளிட்டர் அமைப்பு இன்னும் எளிது, மூன்று இடங்களை இரண்டு முறை இரட்டிப்பாக்கினால் 12. லாரி ஓட்டுகிற உணர்வில் பாதிக்கு மேல் கைப்பிடியில் இருக்கும் இரண்டு ஸ்விட்சுகளில்தான் இருக்கிறது. லிவர் எந்தக் குழியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது அதற்கு அடுத்த வேலை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இன்னொரு அடிப்படை விஷயம். எச் வடிவத் தடத்தில் லிவரை நகர்த்தும் எச்-ஷிஃப்டர் முறையில் லிவர் குழிக்குள் இருக்கும்வரை அந்தக் கியருக்கான பட்டன் அழுத்தியபடியே இருக்க வேண்டும். பட்டன் விட்டால் நியூட்ரல். மேட்டில் 20 டன் சுமையோடு ஏறும்போது ஒரு கணம் இணைப்பு விட்டாலும் வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும். லிவர் எந்தக் குழியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் மூன்று வழிகளையும், இணைப்பு விடாமல் நிற்குமா என்ற இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

மைக்ரோஸ்விட்ச்: ஒவ்வொரு குழியின் முனையிலும் உருளை வைத்த ஸ்விட்ச் ஒன்று. லிவர் வந்து உருளையைத் தள்ளினால் 'டக்' என்று விழும். அந்தச் சத்தமே பாதி இன்பம். லிவரைக் கணினியோடு சேர்க்கும் ஆர்டுயினோ என்ற சிறு போர்டுக்கான புரோகிராம் சில வரிகளில் முடிந்துவிடும். தொடுமுனைகள் சேரும்போது சில மில்லிசெகண்டுகள் துள்ளும், அதனால் 10 மில்லிசெகண்டு பொறுத்து உறுதிசெய்யச் சொன்னால் போதும். பலவீனம் மரவேலையில் இருக்கிறது. லிவரில் ஆட்டம் இருந்தாலோ ஸ்விட்ச் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பதிந்தாலோ, நான் மேலே சொன்ன நியூட்ரல் தொல்லை வரும். அதனால் ஸ்விட்சைத் திருகும் துளையை நீள்துளையாகப் போடுங்கள், பிறகு நகர்த்திச் சரிசெய்யலாம்.

பொட்டன்ஷியோமீட்டர்: திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகம் இது. லிவரின் அடியில் இடவலத்துக்கு ஒன்று, முன்பின்னுக்கு ஒன்று, மொத்தம் இரண்டே பாகங்கள். லாஜிடெக் நிறுவனத்தின் ஜி27 போன்ற கியர் லிவர்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. கேட்க அழகாக இருக்கும், கணக்கு போட்டால் வேறு கதை. சாதாரண பொட்டன்ஷியோமீட்டர் ஏறக்குறைய 300 டிகிரி திரும்பும். நம் லிவர் அசைவதோ 30 டிகிரி. ஆர்டுயினோ தரும் 0 முதல் 1023 வரையான எண்களில் சுமார் நூறுதான் நமக்குக் கிடைக்கும். அந்த நூறை மூன்று பத்திகளாகப் பிரிக்க வேண்டும். புதிதாக இருக்கும்போது சிக்கல் இல்லை. உள்ளே இருக்கும் கரித்தடம் தேயத் தேய எண் குதிக்கும், எல்லைக்கோட்டுக்கு அருகில் கியர் தானாக விழும். இரண்டு எல்லைகளுக்கு நடுவே கொஞ்சம் செத்த இடைவெளி விட்டு எழுதினால் தாக்குப்பிடிக்கும். வாங்கும்போது பி10கே (திருப்பும் அளவுக்குச் சீராக மாறும் 10 கிலோ ஓம் வகை) என்று கேளுங்கள், ஏ என்று தொடங்குவது ஒலிப்பெருக்கிக்கானது, இங்கே ஒத்துவராது. பற்சக்கரம் வைத்து அசைவைப் பெருக்கலாம்தான், ஆனால் அவ்வளவு மெனக்கெடுவதாக இருந்தால் அடுத்த வழிக்கே போய்விடலாம்.

ஹால் சென்சார்: காந்தம் அருகில் வந்தால் உணரும் சென்சார் இது. லிவரின் நுனியில் ஒரு சின்னக் காந்தம், ஒவ்வொரு குழிக்கும் ஏ3144 மாதிரி ஒரு சென்சார். தொடுகையே இல்லை, தேய்மானமும் இல்லை. எழுத்து அச்சிட்ட முகத்துக்குக் காந்தத்தின் தென்முனை எதிராக வர வேண்டும். மாற்றி ஒட்டினால் எதுவும் நடக்காது, சென்சார் கெட்டுப்போனது என்று நினைத்துக் குப்பையில் போடத் தோன்றும். இதற்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும், ஆகவே 3.3 வோல்ட் போர்டு வாங்காதீர்கள். அருகே கனமான இரும்புத் தகடு இருந்தால் காந்தப்புலம் வளையும், அலுமினியமும் பிளைவுட்டும் பாதகமில்லை. குறை என்னவென்றால் 'டக்' இல்லை. ஸ்பிரிங்கும் குண்டும் வைத்து அந்த உணர்வைத் தனியாக உருவாக்க வேண்டும்.

முதல் முறை செய்பவர் மைக்ரோஸ்விட்ச் வைப்பதே நல்லது என்பேன். தவறு எங்கே என்று கண்ணாலேயே தெரியும், ஒரு ஸ்விட்ச் போனால் அதை மட்டும் மாற்றலாம். தினமும் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர், லிவரின் சட்டத்தைத் துல்லியமாக வெட்டத் தெரிந்தவர் ஹால் சென்சாருக்குப் போகலாம். பொட்டன்ஷியோமீட்டரை, ஏற்கனவே பழைய லிவர் ஒன்று கையில் இருந்து அதைக் கணினியோடு சேர்க்க நினைப்பவருக்கு மட்டும் சொல்வேன்.

மூளைக்கு ஆர்டுயினோ வகைப் போர்டுகளில் ப்ரோ மைக்ரோ அல்லது லியோனார்டோ. இரண்டிலும் உள்ள ஏடிமெகா32யு4 சிப் யுஎஸ்பியை நேரடியாகப் பேசும், கணினி அதை ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊனோ என்ற இன்னொரு ஆர்டுயினோ போர்டு வாங்கினால் தேவையில்லாத சுற்றுவேலை. புரோகிராமே வேண்டாம் என்பவருக்கு ஆர்கேட் கேம் பெட்டிகளில் போடும் யுஎஸ்பி பட்டன் போர்டு போதும்.

மிச்சம் பிடித்த காசையும் நேரத்தையும் கைப்பிடியில் போடுங்கள். ரேஞ்சுக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் அழுத்தினால் திரும்பிவிடும் பட்டன் வேண்டாம், மேலே தள்ளினால் மேலேயே நிற்கும் டாகிள் ஸ்விட்ச் வேண்டும். அப்போதுதான் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் விரலாலேயே எந்த ரேஞ்சில் இருக்கிறோம் என்று தெரியும். பொதுவான தரைக்கம்பி ஒன்று, ஸ்விட்சுக்கு ஒவ்வொன்று என மூன்று கம்பிகள் குழாய் வழியே இறங்கினால் போதும், என்ஜின் பிரேக் வேண்டுமென்றால் நான்காவது. ஒற்றை இழைக் கம்பி போட்டால் லிவர் மடங்கும் இடத்தில் சீக்கிரம் அறுந்துவிடும். பல இழைக் கம்பி போட்டு, அடியில் ஒரு சுற்று தளர்வாக விடுங்கள்.

கேமைத் திறக்கும் முன் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தில் ஒவ்வொரு கியரிலும் லிவரை வைத்து நாலாபக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள். எண்ணுக்கான விளக்கு ஒருமுறை இமைத்தாலும் அந்த ஸ்விட்சை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்துங்கள்.