ஒரே ஊரா, தனித்தனி மனைகளா? சிம்ஸ் 3, சிம்ஸ் 4 விரிவாக்கத் தொகுப்புகள்: ஓர் ஒப்பீடு

‘தி சிம்ஸ்’ என்பது, சிம் எனப்படும் மனிதர்களை உருவாக்கி அவர்களின் அன்றாட வாழ்க்கையை நாமே நடத்தும் கணினி விளையாட்டு வரிசை. 2009 ஜூனில் வெளியான ‘தி சிம்ஸ் 3’ விளையாட்டுக்கு, அடிப்படை விளையாட்டோடு தனியாக வாங்கிச் சேர்க்கும் விரிவாக்கத் தொகுப்புகள் 2013 வரை 11 வந்தன. 2014 செப்டம்பரில் வெளியான ‘தி சிம்ஸ் 4’ அந்த எண்ணிக்கையை எப்போதோ கடந்துவிட்டது. வேலை, செல்லப்பிராணி, பருவகாலம், பல்கலைக்கழகம் என்று இரண்டிலும் பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே என்பதால், தலைப்பை மட்டும் பார்ப்பவர் புதியதையே வாங்குவார். ஆனால் ஒரு தொகுப்பு விளையாட்டுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை, அதற்கு அடியில் இருக்கும் ஊரின் அமைப்புதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சிம்ஸ் 3-இல் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் இயங்குகிறது. நம் சிம் வீட்டைவிட்டு இறங்கி, காரில் ஏறி, கடைத்தெருவைக் கடந்து நண்பர் வீட்டுக்குள் நுழையும்வரை திரை ஒருமுறையும் மாறாது. நாம் பார்க்காத குடும்பங்களிலும் வேலை மாற்றமும் திருமணமும் பிள்ளைப்பேறும் நடந்துகொண்டிருக்கும். சிம்ஸ் 4-இல் ஒவ்வொரு மனையும் தனித்தனியாகத் திறக்கப்படுகிறது. எதிர்வீட்டுக்குள் போகவும் காத்திருப்புத் திரையைத் தாண்ட வேண்டும்.

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது வேலை சார்ந்த தொகுப்புகளில். 2010-இன் ‘ஆம்பிஷன்ஸ்’ தொகுப்பில் தீயணைப்பு வீரராகச் சேரும் சிம், அதே ஊரில் தீப்பிடித்த வீட்டுக்கு வண்டியில் விரைகிறார். காப்பாற்றப்படுபவர் நாளை சந்தையில் எதிர்ப்படக்கூடிய மனிதர். துப்பறிபவர், பேய் பிடிப்பவர், ஒப்பனையாளர், வீட்டு வடிவமைப்பாளர் ஆகியோரின் வேலையும் அயலார் வாழ்க்கைக்குள் நுழைந்தே நடக்கிறது. 2015-இன் ‘கெட் டு வொர்க்’ தொகுப்பில் மருத்துவர், துப்பறிபவர், விஞ்ஞானி ஆகிய மூவருக்கும் தனிப் பணியிடங்கள் உண்டு. நோயாளியைப் பரிசோதித்து நோயைக் கண்டறியும் படிகள் நேர்த்தியாகவே அமைந்திருக்கின்றன. ஆயினும் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால், அங்கே நடந்தவற்றின் சுவடு ஊரில் அநேகமாக இருப்பதில்லை. இந்த ஓர் ஒப்பீட்டிலேயே பழைய விளையாட்டின் பக்கம் நான் சாய்ந்துவிடுகிறேன்.

செல்லப்பிராணிகளிலும் அப்படித்தான். சிம்ஸ் 3-இன் ‘பெட்ஸ்’ 2011-இல் நாய், பூனை, குதிரை மூன்றையும் ஒரே தொகுப்பில் தந்ததோடு, அவற்றை நாமே நேரடியாக இயக்கவும் இடமளித்தது. சிம்ஸ் 4-இல் நாயும் பூனையும் 2017-இல் ஒரு தொகுப்பாகவும், குதிரை 2023-இல் மற்றொரு தொகுப்பாகவும் வந்தன. எவையும் நம் கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை. உரோமத்தின்மேல் நினைத்தபடி வண்ணம் தீட்டும் வசதியும் கால்நடை மருத்துவமனை நடத்தும் வாய்ப்பும் புதியதன் சிறப்புகள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. 2010-இன் ‘லேட் நைட்’ காட்டும் உயர்ந்த கட்டடங்களில் நாம் குடியிருக்கக்கூடிய வீடு கட்டடத்துக்கு ஒன்றுதான். மற்ற கதவுகளுக்குப் பின்னால் எதுவும் இல்லை. 2016-இன் ‘சிட்டி லிவிங்’ தொகுப்பிலோ ஒரே கட்டடத்தில் பல குடும்பங்களை உண்மையாகவே குடியமர்த்தலாம்; பக்கத்து வீட்டின் இரைச்சல் சுவரைத் தாண்டி வரும், கதவைத் தட்டிச் சண்டையும் போடலாம். சிறு சிறு இடங்களாகப் பிரித்து இயக்கும் முறை இங்கே குறையாகத் தெரியாமல் பலமாகவே மாறிவிடுகிறது. நகர வாழ்க்கையை விரும்புபவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

‘சீசன்ஸ்’ தொகுப்பைப் பொறுத்தவரை (2012, 2018) இரண்டும் ஏறக்குறைய சமம். பழையதில் ஊர்த்திடலில் பருவத்துக்கேற்ற திருவிழா நடக்கும். புதியதில் நாட்காட்டியில் நமக்குப் பிடித்த பண்டிகையை நாமே உருவாக்கி, அதற்கான சடங்குகளையும் தேர்ந்தெடுக்கலாம்.

குடும்பக் கதையில் சிம்ஸ் 4 மிகத் தாமதமாகவே தேறியது. தொடக்க வெளியீட்டில் நீச்சல்குளமும் இல்லை, நடைபழகும் பருவத்துக் குழந்தைகளும் இல்லை. குளம் 2014 நவம்பரிலும் அக்குழந்தைகள் 2017 ஜனவரியிலும் இலவசமாகச் சேர்க்கப்பட்டன. பின்னர் 2023-இல் வந்த ‘க்ரோயிங் டுகெதர்’, குழந்தை முதன்முதலில் தவழ்வது போன்ற மைல்கற்களையும், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவின் தன்மையையும் பதிவுசெய்கிறது. மரவீடு, குறும்பு, உறைவிடப் பள்ளி, கற்பனைத் தோழன் என்று 2011-இன் ‘ஜெனரேஷன்ஸ்’ விளையாட்டுப் பொருள்களால் நிறைந்தது என்றாலும், ஒரு மனிதரின் குழந்தைப்பருவம் அவருடைய பிற்கால வாழ்வில் தெரிய வேண்டும் என்று எண்ணுபவருக்குப் புதியதே பொருந்தும். உணர்ச்சிகள் முகத்திலும் நடையிலும் வெளிப்படுவதிலும், சாப்பிட்டுக்கொண்டே பேசுவது போன்ற சிறு இயல்புகளிலும் சிம்ஸ் 4-இன் மனிதர்கள் மிக உயிர்ப்பானவர்கள்.

சிம்ஸ் 3-இன் பெரிய குறை அதன் வேகம். விண்டோஸில் அது 32-பிட் நிரல் என்பதால், கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த அதனால் இயலாது. முழு ஊரையும் இயக்கும் சுமையோடு தொகுப்புகளும் கூடக்கூட விளையாட்டு திணறத் தொடங்கும். ‘ஐலண்ட் பாரடைஸ்’ தொகுப்பின் தீவு ஊரில் சிம்கள் வழி தெரியாமல் சிக்கி நிற்பது பலரும் அறிந்த தொல்லை. இரவுதோறும் அத்தகைய சிக்கல்களைக் களையும் ‘என்ராஸ் ஓவர்வாட்ச்’ என்ற மோட் (ரசிகர்கள் உருவாக்கும் துணை நிரல்) இல்லாமல் நீண்ட ஆட்டம் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிம்ஸ் 4-இன் குறை செலவு. அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபர் முதல் இலவசம். ஆனால் ஒரு விரிவாக்கத் தொகுப்பின் முழு விலை 39.99 டாலர், அனைத்தையும் தள்ளுபடியின்றி வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆகவே சிம்ஸ் 4-ஐத் தேர்பவர் அடிப்படை விளையாட்டைச் சில வாரம் ஆடிப் பார்த்துவிட்டு, தள்ளுபடி வரும்போது ‘க்ரோயிங் டுகெதர்’, ‘சீசன்ஸ்’, ‘சிட்டி லிவிங்’ என்ற வரிசையில் வாங்கலாம். சிம்ஸ் 3-ஐத் தேர்பவர் ‘ஆம்பிஷன்ஸ்’, ‘ஜெனரேஷன்ஸ்’, ‘சீசன்ஸ்’ மூன்றோடு தொடங்கி, கணினி தாங்குகிறதா என்று பார்த்த பின்னரே ‘பெட்ஸ்’ தொகுப்பைச் சேர்க்க வேண்டும்.