பாட்ரிஷியன் 3: வருடக்கணக்காக விளையாடிய அனுபவம்

கடலில் வியாபாரம் செய்யும் கேம் எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது பாட்ரிஷியன் 3. வந்தது 2003இல். ஜெர்மனியின் குட்டர்ஸ்லோ நகரில் இருந்த அஸ்கரோன் நிறுவனம் செய்தது. அந்த நிறுவனம் 2009இல் நொடித்து மூடப்பட்டுவிட்டது, கேம் மட்டும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் இதை விளையாடத் தொடங்கினேன். இப்போது திருகோணமலை டவுனில் எங்கள் குடும்பத்தின் மொத்த விற்பனைக் கடையைப் பார்க்கிறேன். இடையில் கொம்பியூட்டர் மாறியது, எத்தனையோ புதுக் கேம்கள் வந்து போயின. இதை மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்ப ஏற்றிக்கொள்கிறேன்.

களம் மத்தியகால வட ஐரோப்பா. பால்டிக் கடலையும் வட கடலையும் சுற்றி ஹன்சா என்ற வணிக நகரக் கூட்டமைப்பு இருந்தது. அதற்கு ராஜா கிடையாது, நிரந்தரப் படையும் கிடையாது. வியாபாரிகள் நடத்திய நகரங்கள் ஒன்றுசேர்ந்து, லூபெக் நகரைத் தலையாக வைத்துக்கொண்டு, லண்டன், புரூஜ், பெர்கன், நோவ்கொரோட் வரைக்கும் தங்கள் கிட்டங்கிகளைப் போட்டு வாணிபம் செய்தன. 1669இல் கடைசிக் கூட்டம் நடந்தது. கேமில் நீங்கள் இந்த நகரங்களில் ஒன்றில் ஒரு சின்ன வியாபாரி. கையில் கொஞ்சம் பொன், ஒரு சிறு கப்பல். பியர், தானியம், மீன், உப்பு, மரம், துணி, இரும்புச் சாமான், வைன், தோல் என்று 20 வகைச் சரக்கு. அங்கிருந்து நகரசபை, நகர முதல்வர், கடைசியில் முழு ஹன்சாவுக்கும் தலைவர் என்று ஏறிப் போகவேண்டும்.

பலர் இதைத் தொடங்கி, கொஞ்ச நாளில் விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்களும் அப்படித்தான் விட்டார்கள். கஷ்டம் முழுக்க விலையில் இருக்கிறது. மற்றக் கேம்கள் பலவற்றில் ஒரு பொருளுக்கு இந்த ஊரில் இந்த விலை, அந்த ஊரில் அந்த விலை என்று இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சரக்கும் எவ்வளவு இருப்பில் இருக்கிறது, ஊர்ச் சனம் வாரத்துக்கு எவ்வளவு முடிக்கிறது என்பதை வைத்து விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு பீப்பாய் வாங்கினால் அடுத்த பீப்பாயின் விலை ஏறும். விற்கத் தொடங்கினால் ஒவ்வொரு பீப்பாய்க்கும் இறங்கும். கப்பல் நிறைய பியரைக் கொண்டுபோய் ஒரே துறைமுகத்தில் இறக்கினால் முதலில் இறக்கியது நல்ல லாபம் தரும், கடைசியில் இறக்கியது வாங்கிய விலைக்கும் கீழே போகும். பல ஊர், பல சரக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. இது கைக்கு வந்த பிறகுதான் கேம் திறக்கிறது.

அதற்கு அடுத்த அடுக்கு உற்பத்தி. துணி நெய்ய ஆட்டுமயிர் வேண்டும், இரும்புச் சாமான் செய்ய இரும்பும் மரமும் வேண்டும். மூலப்பொருள் ஊருக்கு வந்து சேராவிட்டால் பட்டறை நிற்கும். பட்டறை கட்டச் செங்கல்லும் மரமும் வேண்டும், வேலைக்கு ஆள் வேண்டும். ஊரில் சாப்பாடு இருந்தால்தான் ஆள் வரும். ஊர் மக்கள் ஏழை, வசதியானவர், பணக்காரர் என்று பிரிந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் கேட்கும் பொருள் வேறு. கோயிலில் பிச்சைக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டால் ஊருக்குப் புது ஆட்கள் வருவார்கள், அவர்கள்தான் நாளைக்கு உங்கள் பட்டறையில் வேலை செய்யப்போகிறவர்கள். ஒரு ஊரில் தானியத்தை எல்லாம் வாங்கிப் பதுக்கவும் கேம் விடும். ஒரு தடவை நல்ல காசு வரும். பிறகு சனம் அதிருப்தியடையும், ஆள் குறையும், ஆள் குறைந்த ஊரில் யாரிடம் விற்பது? நான் விளையாடிய வணிகக் கேம்களில் வியாபாரியின் லாபத்தையும் ஊரின் நலத்தையும் இவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போட்டது இது ஒன்றுதான். இத்தனை வருடமும் இதை விடாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

இந்தப் பின்னலை நான் முழுதாக உணர்ந்தது 2022இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது. பால்மா, எரிவாயு, டீசல் என்று ஒவ்வொன்றாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் முடிந்ததும் வெளியிணைப்பு மோட்டர் படகுகள் கரையில் கிடந்தன. படகு போகவில்லை என்றால் மீன் இல்லை. மீன் இல்லை என்றால் ஐஸ் அடிப்பவருக்கும், பெட்டி தூக்குபவருக்கும், லொறி ஓட்டுபவருக்கும் அன்றைய கூலி இல்லை. அவர்கள் கடைக்கு வந்து வாங்கும் சீனியும் பருப்பும் பாதியானது. ஒரு சாமான் வராததால் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு சாமான் விற்காமல் கிடப்பதைக் கடைக்குள் நின்று பார்த்தேன். கேமில் மரம் வராமல் போய் இரும்புப் பட்டறை நின்ற ஊரில் பியர் விற்பனை குறைவதை அதற்கு முன்பே நிறையத் தடவை பார்த்திருந்ததால், கடைக்கு என்ன எடுப்பது, எதைக் குறைப்பது என்று முடிவெடுக்க அது நேரடியாக உதவியது.

அதே வருடத்தில் மின்வெட்டு நீண்டு போனபோது இந்தக் கேமின் இன்னொரு நல்ல குணமும் தெரிந்தது. பழைய கேம் என்பதால் பற்றரி மெதுவாகத்தான் இறங்கும், இன்ரநெட் தேவையில்லை, நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கலாம். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். டொலர் விலை ஏறிய பிறகு புதுக் கேம்களும் புதுக் கொம்பியூட்டரும் எங்களுக்கு எட்டாத விலைக்குப் போன நிலையில், தள்ளுபடி நேரத்தில் சின்னக் காசுக்கு வாங்கி வருடக்கணக்கில் விளையாடக்கூடிய ஒன்று என்பது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்தது வரைபடம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹாம்பர்க்கும் லூபெக்கும் தரைவழியாகப் பார்த்தால் பக்கத்து ஊர்கள், 60 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஒன்று வட கடல் பக்கம், மற்றது பால்டிக் பக்கம். கப்பலில் போவதென்றால் டென்மார்க்கின் வட முனையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். எங்கள் ஊருக்குக் குடாவின் மறுகரையில் இருக்கும் மூதூர்க்காரருக்கு இதன் எதிர்மாறான நிலை நன்றாகத் தெரியும். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே லோஞ்சில் கடந்தால் கிட்ட, தரைவழியாகக் கிண்ணியா சுற்றி வந்தால் தூரம். அந்தத் தரைவழியிலும் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை இடையில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்கவேண்டும். வரலாற்றில் ஹன்சாக்காரர்களும் இந்தச் சுற்றைத் தவிர்க்க வழி பார்த்தார்கள். லூபெக்கின் உப்பு வணிகத்துக்காக வெட்டிய ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் 1398இல் முடிந்தது. டென்மார்க் ராஜா சும்மா இருக்கவில்லை, 1429 முதல் டென்மார்க்கை ஒட்டிய ஓரசுண்ட் நீரிணையில் போகும் கப்பல்களுக்கு வரி வாங்கத் தொடங்கினார். கேமை விளையாடிக்கொண்டே இதையெல்லாம் தேடி வாசித்தேன். துறைமுகம் உள்ள ஊரில் பிறந்தவனுக்கு, ஒரு துறைமுகம் ஏன் பணக்கார ஊராகிறது, ஏன் விழுகிறது என்பது வெறும் கேம் விஷயமாக இருக்காது.

மசாலாப் பொருட்கள் பற்றியும் சொல்லவேண்டும். 20 சரக்குகளில் அதை மட்டும் எந்த ஹன்சா நகரமும் உற்பத்தி செய்யாது, செய்யவும் முடியாது. மிளகும் கறுவாவும் எங்கள் கடல் பக்கத்தில் இருந்து போனவை. அந்தக் காலத்தில் அரபு வணிகர் கை, வெனிஸ்காரர் கை என்று மாறி மாறித்தான் வடக்கே போய்ச் சேர்ந்தன. கேமில் மத்தியதரைக் கடலுக்குக் கப்பல் அனுப்பி அதைக் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முதலாவது, தானியங்கி வணிகப் பாதை அமைக்கும் திரை. கப்பல்கள் ஐந்தாறு ஆன பிறகு எல்லாவற்றையும் கையால் ஓட்ட முடியாது. ஒரு மாலுமித் தலைவனை மதுக்கடையில் தேடிப் பிடித்து வைத்து, ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு சரக்குக்கும், எவ்வளவு ஏற்றுவது, என்ன விலைக்கு மேல் வாங்கக்கூடாது, என்ன விலைக்குக் கீழ் விற்கக்கூடாது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். மிகவும் சலிப்பான வேலை. இதற்கு நான் கண்ட நல்ல வழி மையக் கிட்டங்கி. நடுவில் உள்ள ஒரு ஊரைத் தேர்ந்து, சுற்றியுள்ள ஊர்களில் மலிவாகக் கிடைப்பதை எல்லாம் அங்கே கொண்டுவந்து குவித்து, அங்கிருந்து ஊருக்கு ஊர் தேவைப்படுவதைப் பிரித்து அனுப்புவது. பால்டிக் பக்கம் ஒன்று, வட கடல் பக்கம் ஒன்று என்று இரண்டு மையம் வைத்தால் டென்மார்க் சுற்றும் கப்பல்களின் எண்ணிக்கை நன்றாகக் குறைகிறது. ஒவ்வொரு ஊரிலும் கிளை அலுவலகம் திறந்து ஒரு முகாமையாளரை வைத்துவிட்டால், கொடுத்த விலை எல்லைக்குள் அவரே விற்று வாங்கிக்கொள்வார். இந்த ஏற்பாடு நிற்கும்வரை பொறுமை தேவை. நின்ற பிறகு கிடைக்கும் திருப்தியும் பெரியது.

அப்பா ஒருநாள் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் வாசிக்கமாட்டார், ஆனால் இருப்புப் பட்டியல் என்றால் எந்த மொழியிலும் அவருக்கு விளங்கும். "தம்பி, அங்க உப்பு முடியப் போகுதே, கப்பல் ஒண்டும் போகேல்லையா?" என்று கேட்டார். நானும் அதே நேரத்தில் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் இப்போது மா, சீனி, பருப்பு எல்லாவற்றுக்கும் வாரத்துக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறோம். இராக்கை வெறுமையான பிறகு கொழும்புக்குச் சொல்வது என்ற பழைய முறை போய்விட்டது. வார ஓட்டத்தைப் பார்த்து முன்கூட்டியே எடுக்கிறோம்.

இரண்டாவது குறை கடற்சண்டை. கொள்ளையர் வருவார்கள், பீரங்கியும் ஆளும் ஏற்றவேண்டும், காற்றைப் பார்த்துக் கப்பலைத் திருப்பிச் சுடவேண்டும். வணிகப் பகுதியில் இருக்கும் ஆழம் இதில் இல்லை. நான் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, நல்ல ஆயுதம் ஏற்றிய ஒன்றை முன்னால் விட்டு அனுப்புவதோடு சரி.

மூன்றாவது, கடைசிக் கட்டம். காசு குவிந்த பிறகு மற்ற வியாபாரிகள் உங்களுக்குப் போட்டியே இல்லை. தலைவர் பதவிக்கான பணிகள், புது ஊர் ஒன்றை நிறுவுவது போன்றவை கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கும். எனக்குச் சுவை தொடக்கத்திலும் நடுப்பகுதியிலும்தான், அதனால் அந்தக் கட்டம் வந்ததும் வேறு ஊரில், கூடிய கடினத்தில் புதிதாகத் தொடங்கிவிடுவேன்.

திரை பழைய காலத்து அளவு. அகலத் திரையில் படம் இழுபட்டுத் தெரியும், எழுத்தும் சிறிது. கண்ணுக்குப் பழக ஒன்றிரண்டு மாலை எடுக்கும்.

2010இல் வந்த நாலாம் பாகத்தையும் விளையாடினேன். பார்க்க அழகு, கற்க லேசு. ஆனால் மூன்றாம் பாகத்தில் வரும் அந்த நெருக்கடி, அடுத்த கப்பல் வருவதற்குள் ஊரில் தானியம் முடிந்துவிடுமோ என்ற அந்தப் பதைப்பு, அதில் எனக்குக் கிடைக்கவில்லை. பிடித்தவர்கள் இருக்கிறார்கள், புதியவர்களுக்கு அது நல்ல படியாகவும் இருக்கலாம்.

கேமில் வரும் கோக் வகைக் கப்பல் கற்பனை இல்லை. 1962இல் பிரேமன் நகருக்குப் பக்கத்தில் வேசர் ஆற்றில் அப்படி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். 1380 அளவில் கட்டியது, இன்று பிரேமர்ஹாவன் கடல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வட்ட வயிறு, ஒற்றைப் பாய்மரம். அந்தக் கப்பலின் படத்தைப் பார்த்த பிறகு, கேமில் அது துறைமுகத்துக்குள் நுழையும்போது இன்னும் கவனமாகப் பார்க்கிறேன். இன்னொன்று, ஹன்சாக்காரர்கள் நவம்பர் 11 முதல் பெப்ரவரி 22 வரை கடலுக்குப் போகக்கூடாது என்று தங்களுக்குள் சட்டம் வைத்திருந்தார்கள். வாடைக் காலத்தில் சிறு படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டு நிற்கும் நம் ஆட்களுக்கு அதன் நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

யாருக்குப் பொருந்தும்? எண்களோடு இருக்கப் பிடித்தவர்களுக்கு, கடை வைத்திருப்பவர்களுக்கு, வணிகப் பாடம் எடுக்கும் உயர்தர மாணவர்களுக்கு. வேகமான கேம் தேடுபவர்களுக்கு வேண்டாம், அவர்களின் நேரம் வீணாகும். தொடங்குபவர்கள் முதலில் கட்டடம் எதுவும் கட்டவேண்டாம், கடனும் எடுக்கவேண்டாம். பக்கத்தில் உள்ள மூன்று நாலு ஊர்களை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றும் எதை உற்பத்தி செய்கிறது, எதைக் கேட்கிறது என்று தாளில் எழுதிக்கொண்டு, சின்னச் சின்ன அளவாக ஏற்றி இறக்குங்கள். பெரிய கப்பலுக்கு அவசரப்படவேண்டாம், கொலோன் போன்ற ஆற்று ஊர்களுக்குச் சிறு கப்பல்தான் போகும், வைன் அங்கேதான் கிடைக்கும். இரண்டாவது கப்பல் வாங்கும் அளவுக்குக் காசு சேர்ந்ததும் முதல் மாலுமித் தலைவனைத் தேடத் தொடங்குங்கள்.