சர்க்கரை எலியின் நரம்பு வலி: சூட்டுத் தட்டா, நைலான் இழையா?

சர்க்கரை நோயை வரவழைக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்ட மூன்றாம் நாள் எலியின் வால் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுப்போம். சர்க்கரை 250-ஐத் தாண்டியிருந்தால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்துவிட்டன என்று பொருள். நரம்பு வலி தெளிவாகத் தெரிய இன்னும் சில வாரம் ஆகும். வலி மருந்தைச் சோதிக்க, அந்த வலியை எதைக் கொண்டு அளப்பது?

கையில் எளிதாகக் கிடைப்பது ஹாட் பிளேட். 52 முதல் 55 டிகிரி சூட்டில் எலியை விட்டு, அது பாதத்தை நக்கும்வரை நொடிகளை எண்ண வேண்டும். விலை குறைவு, ஒரே நாளில் பழகிவிடும். ஆனால் எடை இறங்கித் துவண்டுபோன எலி தாமதமாக நக்கினால், குறைந்தது வலியா, தெம்பா? இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. முதல் வாரங்களில் சூட்டுக்குச் சட்டென்று விலகும் அதே எலி, நாள்பட நாள்பட மரத்துப்போய் மெதுவாக விலகும். மருந்து கேட்டதா, நரம்பு இன்னும் கெட்டதா என்று அந்த நொடிக்கணக்கு சொல்லாது.

ஹார்கிரீவ்ஸ் கருவி இதைவிட மேல். கண்ணாடித் தரைக்கு அடியிலிருந்து ஒரு பாதத்தில் மட்டும் சூடேற்றும் ஒளி விழும். சர்க்கரை எலி ஓயாமல் சிறுநீர் கழிக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் துடைத்தாக வேண்டும். ராண்டல்-செலிட்டோ முறையில் எலியைப் பிடித்துப் பாதத்தை அழுத்த வேண்டும்; பிடிக்கும் பயமே அளவைக் குழப்பிவிடும்.

என் தேர்வு வான் ஃப்ரே இழைகள்தான்: ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் நைலான் இழைகள். கம்பி வலைமேல் எலி அடங்கும்வரை அரைமணி காத்திருந்து, கீழிருந்து உள்ளங்காலில் இழையை அது லேசாக வளையும்வரை வைக்க வேண்டும். காலை இழுத்தால் அடுத்தது மெல்லிய இழை, இழுக்காவிட்டால் தடித்தது. 1994-இல் சாப்லான் குழு வெளியிட்ட ஏற்ற இறக்க முறை இது. நல்ல எலி 15 கிராம் அழுத்தம் வரைகூடப் பேசாமல் நிற்கும். வலி கண்ட எலி 4 கிராமுக்குள்ளேயே காலை உதறும். போர்வை பட்டாலே கால் எரிகிறது என்று நோயாளிகள் சொல்கிறார்களே, அதற்கு மிக நெருங்கிய அளவு இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. கைக்குக் கை அளவு மாறும்; எந்த எலிக்கு எந்த மருந்து என்று அறியாத ஒருவரே கடைசிவரை செய்ய வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி நைலான் இளகும், அதனால் இழையைத் தராசில் அழுத்திச் சரிபார்த்துவிட்டே தொடங்குவேன்.

ஹாட் பிளேட் மட்டுமே இருக்கிறது என்றால், இத்தனை நொடிக்குமேல் எலி தட்டில் இருக்கக் கூடாது என்ற வரம்பை முதலிலேயே எழுதி வையுங்கள். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. எலி அசையாமல் நிற்கும்போதே தோல் வெந்துவிடும்.