இமையைத் திருத்துவதா, புருவத்தை உயர்த்துவதா?

மேல் இமை தொங்கிக் கண் களைத்துத் தெரிந்தால் பலரும் கேட்பது இமை அறுவை சிகிச்சையைத்தான். ஆனால் சிலருக்குச் சரிந்திருப்பது இமை அல்ல, புருவம். கண்ணாடி முன் நெற்றியைத் தளர்த்தி, விரலால் புருவத்தை மெல்ல உயர்த்திப் பாருங்கள். தொங்கும் தோல் மடிப்பு பெரும்பாலும் மறைந்தால் இமைத்தோலை வெட்டுவது மட்டும் போதாது. மிகுதியாக வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபடும். கண்ணை முழுதாக மூட முடியாமலும் போகலாம்.

புருவம் சரியான இடத்தில் இருந்தால் இமை அறுவையே என் தேர்வு. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடிக்கிறார்கள். தழும்பு இமை மடிப்பில் மறைந்துவிடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் தையலைப் பிரிப்பார்கள், வீக்கமும் கன்றலும் பொதுவாக ஓரிரு வாரங்களில் வடியும். முதல் சில நாட்கள் குளிர் ஒத்தடமும், தலையை உயர்த்திய உறக்கமும் நன்றாக உதவும். கண் வறட்சி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், அது கூடக்கூடும். அறுவைக்குப் பின் கடும் வலியோ, பார்வை மங்கலோ, ஒரு கண் திடீரென்று புடைப்பதோ நேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்தால் பார்வையே பறிபோகலாம்.

புருவ உயர்த்தல் இதைவிடப் பெரிய வேலை. கீறல்கள் பெரும்பாலும் தலைமுடிக்குள் இருக்கும். நெற்றியிலும் உச்சந்தலையிலும் மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம், கீறலருகே முடி உதிரலாம். அளவு மீறினால் முகம் எப்போதும் வியந்தபடி தெரியும்.

இமையின் விளிம்பே கண்மணியை மறைத்தால் இவ்விரண்டும் பயன்படா; இமையைத் தூக்கும் தசையைத்தான் சரிசெய்ய வேண்டும்.